பெரியவர்கள் பெட்டி பழக ஆசிரியர் வேண்டுமா?

தோட்டப் பள்ளியில் வேலை செய்கின்ற எங்களிடம் பெற்றோர்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்பதுதான் வழக்கம். ஆனால், புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் அண்மைக் காலமாக வேறொரு கேள்வியும் என்னிடம் வருகின்றது. “சார், எனக்கு நாற்பத்தைந்து வயசாச்சு. இனிமே பெட்டி பழகினா வருமா? வாத்தியார் வெச்சுத்தான் பழகணுமா, நானே தட்டித் தட்டிப் பார்த்துக்கலாமா?” என்று தாய்மார்களும் தந்தைமார்களும் கேட்கிறார்கள். சிலர் இதைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. சிறு வயதில் விடியுமுன்னே பெரட்டுக்குப் போன தாயாருக்கு உதவியாகத் தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்களுக்கு, சங்கீதம் பழகப் பொழுது எங்கிருந்து வந்திருக்கும்? இப்பொழுது பிள்ளைகள் வளர்ந்து சுங்கை பட்டாணிப் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். மகனுக்கென்று வாங்கிய கீபோர்டு அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கின்றது. கோயிலில் பஜனைக் குழுவின் ஆர்மோனியம் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள்களில் துணி போர்த்தியபடி இருக்கின்றது. ஆசை பிறப்பது இயல்புதானே.

பியானோ, ஆர்மோனியம், கீபோர்டு ஆகிய மூன்றையும் இந்தப் பேச்சில் ஒன்றாகச் சேர்த்தே பேசுகிறேன். மூன்றிலும் கட்டைகளின் வரிசை ஒன்றேதான். இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரில் 1700-ஆம் ஆண்டு வாக்கில் கிறிஸ்டோஃபோரி என்பவர் பியானோவை உருவாக்கினார். இன்றைய பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. வெள்ளை 52, கறுப்பு 36. ஆர்மோனியம் பிறந்தது பிரான்சில். 1840-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில். அது காலால் மிதித்துக் காற்றடைக்கும் பெரிய பெட்டி. நம் மக்கள் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து பாடுகிறவர்கள் அல்லவா? அதற்கேற்பக் கையால் துருத்தி போடும் சிறிய பெட்டியை 1875-ஆம் ஆண்டு வாக்கில் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ் செய்து கொடுத்தார். அந்தக் கைப்பெட்டிதான் நாடகக் கொட்டகைகளிலும் பஜனை மடங்களிலும் புகுந்து, கப்பலேறி நம் தோட்டத்துக் கோயில்கள் வரைக்கும் வந்து சேர்ந்தது.

இனி, கேள்விக்கு வருவோம். தானாகவே பழகத் தொடங்குவதற்கு இந்தப் பெட்டியைப் போல் இடம் கொடுக்கின்ற வாத்தியம் வேறு இல்லை என்பது என் கருத்து. வயலினைக் கையில் எடுக்கின்றவர், சரியான ஸ்வரம் தந்தியில் எந்த இடத்தில் இருக்கின்றது என்று தேடியே மாதக்கணக்கில் அலைய வேண்டும். நாதஸ்வரத்தில் முதலில் மூச்சு நிற்க வேண்டும். பெட்டியிலோ ஸ்வரம் ஏற்கெனவே செய்து வைக்கப்பட்டிருக்கின்றது. குழந்தை அமுக்கினாலும் வித்துவான் அமுக்கினாலும் அந்தக் கட்டையில் அதே ஸ்வரம்தான் வரும். ஸ்வரங்களை வளைக்கவும் அசைக்கவும் முடியாத இந்தக் குணத்தைக் காட்டித்தான் 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. அந்தத் தடை தளரத் தொடங்கியது 1971-இல். பெரிய வித்துவான்களுக்குக் குறையாகத் தோன்றிய அதே குணம், புதிதாகத் தொடங்குகின்றவருக்குப் பேருதவியாக அமைகின்றது.

பெட்டியைத் திறந்து பாருங்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். இரண்டு கறுப்பு உள்ள கூட்டத்திற்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் இருக்கும் வெள்ளைக் கட்டைதான் ஒரு கட்டை. அதிலிருந்து வலப்பக்கமாக வெள்ளைக் கட்டைகளை எண்ணிக்கொண்டு போனால் இரண்டு, மூன்று, நான்கு என்று ஏழு கட்டைகள் வரும். இடையில் உள்ள கறுப்புகளுக்கு ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை என்று பெயர். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் கறுப்பு இல்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். “அவருக்கு ஐந்து கட்டைக் குரல்” என்று நாம் பேசுகின்ற பேச்சு இந்தப் பெட்டியின் கட்டைகளிலிருந்து வந்ததுதான். ஒரு கட்டையை ‘ச’ என்று வைத்துக்கொண்டு வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அமுக்கிக்கொண்டு போனால் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள் வந்துவிடும். இவ்வளவையும் தெரிந்துகொள்ள ஓர் ஆசிரியர் தேவையில்லை. தெரிந்த ஒரு பஜனைப் பாடலின் மெட்டைத் தேடித் தேடிக் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. ஒரு மாதத்தில் இரண்டு மூன்று பாடல்களைத் தட்டுத் தடுமாறி எடுத்துவிடலாம்.

சிக்கல் எங்கே தொடங்குகின்றது? விரலில்.

தானாகப் பழகுகின்றவர் பெரும்பாலும் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மட்டுமே வேலை வாங்குவார். பெருவிரல் பெட்டியின் விளிம்பில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். மெதுவான பாட்டுக்கு அது போதும். பாட்டு கொஞ்சம் வேகம் எடுத்தால் கை தாவத் தொடங்கும். தாவுகின்ற கை தப்பான கட்டையில் விழும். ‘ச ரி க ம ப த நி ச’ என்னும் எட்டு ஸ்வரங்களுக்கு நம்மிடம் ஐந்து விரல்கள்தாம் உள்ளன. ஆகவே, ‘ச’வுக்குப் பெருவிரல், ‘ரி’க்குச் சுட்டுவிரல், ‘க’வுக்கு நடுவிரல் என்று வைத்து, நடுவிரல் கட்டையில் இருக்கும்போதே பெருவிரலை அதன் அடியில் நுழைத்து ‘ம’வில் வைக்க வேண்டும். பிறகு ‘ப’வுக்குச் சுட்டுவிரல், ‘த’வுக்கு நடுவிரல், ‘நி’க்கு மோதிரவிரல், மேல் ‘ச’வுக்குச் சுண்டுவிரல். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால், பெருவிரலை அடியில் நுழைக்கலாம் என்பது தானாகத் தோன்றுவதில்லை. தோன்றினாலும் முழங்கையைத் தூக்காமல், மணிக்கட்டை முறுக்காமல் நுழைப்பது எப்படி என்பதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நம் கையைத் தொட்டுக் காட்டினால்தான் பிடிபடுகின்றது.

மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இன்று நம் வட்டாரத்தில் ரப்பர் மரம் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கின்றது. வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. ஆனாலும் உளி பிடித்த கைகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகக் கோடு சரிய வேண்டும். பட்டையைச் சீவும்போது உள்ளே இருக்கும் மெல்லிய தோல் காயப்படாமல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விட்டு வைக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிகுந்தால் மரத்தில் புண். புண்பட்ட இடத்தில் புதிய பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தை மறுபடி வெட்ட வரும்போது உளி அங்கே ஓடாது. இந்த ஒரு மில்லிமீட்டரை நம் தாய்மார்கள் புத்தகத்திலா படித்தார்கள்? பக்கத்து நிரையில் வெட்டியவர் கையைப் பிடித்துக் காட்டினார். தொடக்கத்தில் சில வாரங்கள் காட்டினார். பிறகு அவரவர் நிரையை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்டிக்கும் அந்த அளவு துணைதான் வேண்டும் என்பது என் எண்ணம். ஆயுள் முழுக்க ஆசிரியர் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தொடக்கத்தில் ஒருவர் கையைப் பார்க்க வேண்டும். அந்த நேரம் தவறிவிட்டால் விரல் பழகியதை மாற்றுவது புதிதாகப் பழகுவதைவிடக் கடினம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பென்சிலைப் பிடிக்கும் விதத்தை ஆண்டின் தொடக்கத்திலேயே பார்த்துத் திருத்த வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதற்காகத்தான்.

எங்கள் வட்டாரத்தில் ஓர் அம்மையார் இருக்கிறார். மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். கோயில் பெட்டியில் தாமாகவே ஓராண்டு பழகி, வெள்ளிக்கிழமை பஜனைக்கு வாசிக்கவும் தொடங்கிவிட்டார். அவர் அறிந்தது ஒரு கட்டைச் சுருதி மட்டுமே. ஆண்கள் பாடும்வரை தொல்லையில்லை. ஆண்களில் பலருக்கு ஒரு கட்டையோ ஒன்றரையோ ஒத்துவரும். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குப் பெண்பிள்ளைகளைத் தயார் செய்ய அவரை உட்காரச் சொன்னபோதுதான் சங்கடம் வந்தது. பெண்களில் பலருக்கும் பிள்ளைகளுக்கும் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை வேண்டும். ஒரு கட்டையில் பாடச் சொன்னால் பிள்ளைகளின் குரல் கீழே போய்க் காற்றாகி விடுகின்றது. “ஐந்து கட்டையில வாசிங்க, பாட்டி” என்று பிள்ளைகள் கேட்க, அம்மையாரின் கை அப்படியே நின்றுவிட்டது. அதே பாட்டு, அதே ஸ்வரம். ஆனால் இடம் மாறியவுடன் அவருக்கு எல்லாக் கட்டைகளும் புதிய கட்டைகளாகத் தெரிந்தன.

இது அந்த அம்மையாருக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் இர்விங் பெர்லின் என்று ஒரு புகழ்பெற்ற பாடலாசிரியர் இருந்தார். 1888-இல் பிறந்து 1989 வரை வாழ்ந்தவர். பியானோவைத் தாமாகவே பழகியவர். அவர் விரல்களுக்குக் கறுப்புக் கட்டைகள்தாம் வசப்பட்டன. நம் கணக்கில் நாலரைக் கட்டைச் சுருதி ஒன்றில்தான் அவரால் சரளமாக வாசிக்க முடியும். வேறு சுருதி வேண்டுமென்றால் என்ன செய்வார்? நெம்புகோல் ஒன்றைத் தள்ளினால் கட்டை வரிசையின் சுருதியே மாறிவிடும்படி செய்த தனிப் பியானோ ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார். இசைக்குறி எழுதத் தெரியாததால் அவர் வாசித்துக் காட்ட, சம்பளத்திற்கு இருந்த உதவியாளர் எழுதிக்கொள்வார். இப்படியே உலகம் பாடும் பாடல்களை அவர் இயற்றினார் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆசிரியர் இல்லாமல் ஒருவர் உயர முடியும் என்பதற்கும், இல்லாததனால் எங்கே முட்டிக்கொள்வார் என்பதற்கும் அவரே சாட்சி.

இன்றைய கீபோர்டுகளில் அந்த நெம்புகோலின் வேலையை டிரான்ஸ்போஸ் என்னும் பொத்தான் செய்கின்றது. ஆர்மோனியத்திலும் கட்டை வரிசையையே நகர்த்துகின்ற ஸ்கேல் சேஞ்சர் பெட்டிகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவது பாவமில்லை. ஆனால், கோயிலில் இருப்பது பழைய பெட்டியாக இருந்தால் பொத்தானுக்கு எங்கே போவது? அந்த அம்மையாருக்கு, பினாங்கிலிருந்து கோயிலுக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் அரைமணி நேரம் பக்கத்தில் அமர்ந்து காட்டினார். ஐந்து கட்டையை ‘ச’வாக வைத்தால் மற்றவையெல்லாம் வெள்ளையிலேயே போகும்; ‘நி’ மட்டும் நாலரைக் கறுப்பில் விழும்; விரல் வரிசை முன்பு சொன்னதேதான். நாலு கட்டைக்குப் போனால் ‘ம’ கறுப்பில், அதாவது ஆறரையில் விழுகின்றது. குட்டையான பெருவிரலைக் கறுப்பில் கொண்டுபோய் வைத்தால் கை திருகிக்கொள்ளும். ஆகவே மோதிரவிரல் வரைக்கும் போய்விட்டுப் ‘ப’வில்தான் பெருவிரலை நுழைக்க வேண்டும். ஓராண்டாகத் தெரியாத செய்தி அரைமணியில் தெரிந்தது. “இத முன்னாலயே யாராவது சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும், தம்பி” என்றார். அவரது பெருவிரல் அந்த வேலைக்கு இணங்கி வர மேலும் மூன்று மாதமாயிற்று. அது வேறு கதை.

“கைப்பேசியில்தான் எல்லாப் பாடமும் இருக்கின்றதே” என்று இளையவர்கள் சொல்வார்கள். உண்மைதான், நல்ல பாடங்கள் இருக்கின்றன, காசும் கேட்பதில்லை. வாசிப்பவரின் கை நமக்குத் தெரிகின்றது, ஆனால் நம் கை அவருக்குத் தெரிவதில்லை. நாம் தோளை உயர்த்தி வைத்திருப்பதையும், தாளம் ஓடுவதையும் அந்தப் படம் எப்படிச் சொல்லும்? தாளம் ஓடுவதைத் தனியாக வாசிக்கின்றவரால் அறிய முடியாது. எளிதான இடத்தில் விரைவதும் கடினமான இடத்தில் நிற்பதும் அவருக்கு ஒரே ஓட்டமாகத்தான் கேட்கும். கைப்பேசிக்கு வேறொரு நல்ல வேலை கொடுக்கலாம். நீங்கள் வாசிப்பதைப் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். நேற்று நன்றாக இருந்ததாக எண்ணிய பாட்டு இன்று வேறு மாதிரியாகக் கேட்கும்.

வாசிக்கத் தெரிந்துவிட்ட பிறகும் ஆசிரியரைத் தேடிப் போனவர்கள் உண்டு. நம் வீடுகளில் அன்றாடம் ஒலிக்கின்ற பாடல்களைத் தந்த இளையராஜா 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தம் அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். அந்த அனுபவமே போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. 1968-இல், இருபத்தைந்து வயதில், சென்னைக்குப் போய்த் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராகச் சேர்ந்தார். பியானோ, மேலைநாட்டு இசைக்குறிகளை எழுதும் முறை, பல குரல்களை ஒன்றோடொன்று இணைக்கும் முறை ஆகியவற்றை அங்கே கற்றார். எந்த வாத்தியத்தையும் தொடாமல் முழு இசைக்குழுவுக்கும் உரிய குறிப்புகளைத் தாளில் எழுதிவிடுகின்ற அவரது ஆற்றலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ‘அன்னக்கிளி’ 1976-இல் வெளிவந்தது; 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் லண்டனில் அவரது சிம்பொனி அரங்கேறியது. மேடை ஏறி ஆண்டுகள் ஆனபிறகு இன்னொருவர் முன்னால் மாணவராக அமர்ந்த அந்தத் துணிவைத்தான் நான் இங்கே எண்ணிப் பார்க்கிறேன். அவருக்கு இருந்த செவியும் கற்பனையும் நமக்கில்லை என்பீர்கள். எனக்கும் இல்லை. நமக்கு வேண்டியது வெள்ளிக்கிழமை பஜனைக்குப் பிசகாமல் வாசிப்பதுதானே.

பெரியவர்கள் கற்பதில் இன்னொரு தடையும் இருக்கின்றது. பிள்ளைகளுக்கு விரல் முன்னே ஓடும். பொருள் பின்னே வரும். பெரியவர்களுக்கு நேர்மாறு. ஒரு முறை சொன்னவுடன் புத்திக்குப் புரிந்துவிடுகின்றது. விரல் மட்டும் மறுக்கின்றது. நாற்பது ஆண்டு வேலை செய்த கை விறைப்பாக இருக்கும். இந்த இடைவெளியைக் கண்டு ‘எனக்கு வயதாகிவிட்டது, இது வராது’ என்று முடிவு கட்டிப் பெட்டியை மூடுகின்றவர்களே அதிகம். ஒரு நல்ல ஆசிரியர் இந்த இடத்தில் செய்கின்ற உதவி பெரிது. ‘இது எல்லாருக்கும் மூன்றாம் வாரத்தில் வருவது, மெதுவாக வாசியுங்கள்’ என்று அவர் சொல்லிவிட்டால் போதும், மனம் நிலைப்படும். மற்றபடி விரலுக்குத் தேவை நாள்தோறும் இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு வாரம் முழுவதும் தொடாமல் இருந்தால், அடுத்த ஞாயிறு மறுபடி தொடக்கத்தில்தான் நிற்பீர்கள். வாய்ப்பாட்டை வாரத்தில் ஒருநாள் மட்டும் ஒப்பிக்கும் பிள்ளைக்கு என்ன ஆகின்றது என்பதை நாள்தோறும் பார்க்கிறேன்.

பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். வாரம் ஒரு பாடம் என்று கட்டணம் கட்டுவது பல குடும்பங்களுக்கு எட்டாது. பட்டணத்துக்குப் போய்வரும் செலவும் சேர்கின்றது. என் யோசனை இது. முதல் மூன்று மாதம் மட்டும் இரு வாரத்திற்கு ஒரு பாடம் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை போய்க் கையைக் காட்டிவிட்டு வந்தால் போதும். ஒரே தெருவில் இருவர், மூவர் சேர்ந்து ஆசிரியரைக் கோயிலுக்கு வரவழைத்தால் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அடுத்தவர் பிழையைக் கேட்டு நம் பிழையைக் கண்டுகொள்வதும் நடக்கும். 1981-இல் கோலாலம்பூரில் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பினாங்கிலும் இயங்குகின்றது. நம் பக்கத்தவர்கள் அங்கே விசாரிக்கலாம். சீனர்களின் பியானோ வகுப்புகளுக்குப் போகவும் தயங்க வேண்டாம். கட்டைகளுக்கு மொழி இல்லை. 1889-இல் லண்டனில் தொடங்கிய இசைத்தேர்வு வாரியத்தின் தேர்வுகளுக்கு வயது வரம்பு கிடையாது. விருப்பமுள்ளவர் எழுதலாம், விருப்பமில்லாதவர் விட்டுவிடலாம். பெரியவர்களுக்குத் தேர்வு கட்டாயம் என்று சொல்கின்ற ஆசிரியரை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

எப்படிப்பட்டவர் ஏற்றவர்? பிரமாதமாக வாசிக்கிறவர் என்பதற்காக மட்டும் போய்விடாதீர்கள். அவர் சின்ன வயதில் பழகியதால் தமக்கு எப்படி வந்தது என்பதே அவருக்கு மறந்திருக்கும். முதல் நாளில் அவர் தாமே வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாரா, உங்கள் கையைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். ‘ஏன் இந்த விரல்?’ என்று கேட்டால் காரணம் சொல்கிறவராக இருக்க வேண்டும். வயதில் உங்கள் மகனைவிட இளையவராக இருந்தாலும் பாதகமில்லை. “தம்பி, எனக்கு மெதுவா சொல்லுங்க” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஆசிரியரே கிடைக்காத இடத்தில் இருப்பவர்கள், கோயில் நாதஸ்வரக்காரரையோ நன்றாகப் பாடுகின்ற ஒருவரையோ மாதம் ஒருமுறை பக்கத்தில் அமர்த்தி வாசித்துக் காட்டுங்கள். விரலை அவர் திருத்த முடியாமல் போகலாம். தாளம் எங்கே ஓடுகின்றது, ஸ்வரம் எங்கே தப்புகின்றது என்பதை அவர் செவி பிடித்துவிடும்.

முடிக்குமுன் ஒன்று. பழைய பெட்டியில் பழகத் தொடங்குகின்றவர்கள் முதலில் அதைத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நம் மழைக்காலத்து ஈரத்தில் உள்ளே இருக்கும் உலோக நாக்குகள் மங்கிச் சுருதி பிசகும். மரக்கட்டை ஊதி அமுங்கியபடியே நின்றுவிடும். துருத்தியை எலி கடித்திருக்கும். இது தெரியாமல் பெட்டியின் கோளாற்றையெல்லாம் தம் கையின் கோளாறு என்று நினைத்து வருந்தியவர்கள் உண்டு. துருத்தியை மெதுவாக ஒருமுறை அடைத்துவிட்டு, ஒரு கட்டையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கட்டையாக அமுக்கிக் கேட்டுக்கொண்டே போங்கள். அடைத்த காற்று கட்டையைத் தொடாமலே இறங்கிப் போனால் துருத்தியில் ஓட்டை இருக்கின்றது. அதை ஒட்டிய பிறகு பாடத்தைத் தொடங்கலாம்.